திருநாவலூரில் தங்கிய இளவரசன்

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூரைச் சுந்தரர் பிறந்த ஊராக நாம் அறிவோம். பத்தாம் நூற்றாண்டில் அவ்வூருக்கு இராசாதித்தபுரம் என்னும் பெயரும் வழங்கிற்று. முதற் பராந்தக சோழனுக்கும் சேரர்குல அரசி கோக்கிழானடிகளுக்கும் பிறந்த இராசாதித்தன், வடபுலத்துப் பகையை எதிர்நோக்கித் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையுடன் தங்கியிருந்தான்.

போரில்லாக் காலத்தில் படையைப் பேணுதல் எளிதன்று. உணவு, உறையுள், யானை குதிரைகளுக்குத் தீனி, தண்ணீர் அனைத்தும் நாள்தோறும் வேண்டும். காத்திருந்த அப்படையைக் கொண்டே வீரநாராயண ஏரியை அவன் வெட்டுவித்தான் என்பது வழிவழி வரும் செய்தி. திருநாவலூர்த் திருத்தொண்டீச்சரம் அவனால் கற்றளியாயிற்று. அங்கே விளக்கெரிக்க அவன் பரிவாரத்தார் ஆடுகளை வழங்கினர். அத்தகையவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் என்பது கல்வெட்டு வழக்கு. மந்தை குறையாமல் காத்து, நெய்யை மட்டும் அளந்து தருதல் வேண்டும். முதலைத் தொடாது பயனை அறத்திற்குச் செலவிடும் வக்ஃபு நெறியை அறிந்த நமக்கு இக்கணக்குப் புதிதன்று.

949-இல் தக்கோலப் போரில் யானைமீதிருந்தவாறே உயிர்நீத்த அவன், ஆனைமேல் துஞ்சிய தேவர் எனப் பெயர்பெற்றான். சோழர் தொண்டை மண்டலத்தை இழந்தனர். ஏரியோ இன்றும் காட்டுமன்னார்கோயில் வயல்களுக்கும் சென்னைக்கும் நீர் தருகின்றது. கல்லூரி, பள்ளிவாசல், வக்ஃபு நிலம் ஆகியவற்றின் கணக்கைப் பொறுப்பேற்கும் நாம் இதனை நெஞ்சிற் கொள்வோமாக.