சாயத் தொழிலாளரின் நோய் கண்ட லுட்விக் ரேன்

ஜெர்மனி தேசத்து ரண வைத்தியர் லுட்விக் ரேன் என்பாரை உலகம் இருதயத்தைத் தைத்தவர் என்றே அறியும். 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், கத்திக்குத்துண்டு சாகும் நிலையிலிருந்த ஓர் இளைஞனின் இருதயக் காயத்தைப் பட்டு நூலால் மூன்று தையலிட்டு அவனைப் பிழைப்பித்தார். அஃது அரிய செயலே. எனினும், அதற்கு முந்திய ஆண்டில் ஆரவாரமின்றி அவர் வெளியிட்ட செய்தியொன்று எண்ணிறந்த தொழிலாளரின் உயிரைப் பற்றியது. ஆகலின் அதனையே ஈண்டு விரித்துரைக்கப் புகுந்தோம்.

ரேன் 1849-இல் அல்லெண்டார்ஃப் என்னும் ஊரில் ஒரு வைத்தியரின் மகனாய்ப் பிறந்தார்; மார்புர்க் சர்வகலாசாலையில் பயின்றார்; 1886 முதல் பிராங்பர்ட் நகர வைத்தியசாலையில் தலைமை ரண வைத்தியராய் விளங்கினார். நிலக்கரித் தாரினின்று வண்ணங்களை ஆக்கும் தொழிற்சாலைகள் அந்நகரைச் சூழ மிகுந்திருந்தன. சிறுநீரில் இரத்தம் கண்டு தம்மிடம் வந்தோரின் மூத்திரப்பையில் கட்டி வளர்ந்திருத்தலைக் கண்ட ரேன், அவர்தம் தொழில் யாதென வினவினார். பூக்ஸின் என்னும் செஞ்சாயம் செய்யும் 45 பேருள் மூவர்க்கு இந்நோய் உற்றிருந்தது. ஒருவர்க்காயின் தற்செயல் எனலாம். மூவர்க்கென்றால் யாது சொல்வது? 1895-இல் பெர்லின் ரண வைத்தியர் மாநாட்டில் இதனை எடுத்துரைத்தார்.

மூச்சாலும் தோலாலும் உட்புகும் நஞ்சு ஈரலில் மாறுதலுற்று, சிறுநீரகத்தால் வடிக்கப்பெற்று, மூத்திரப்பையில் நெடுநேரம் தங்குகின்றது. ஆகவே அதன் சுவரே பெரிதும் கேடுறுகின்றது. கட்டியோ பல்லாண்டு கழித்தே தோன்றும். அதற்குள் தொழிலாளி வேலையை விட்டு நீங்கியிருத்தலும் கூடும். காரணம் மறைந்து கிடந்தமைக்கு இதுவே ஏது எனக் கருதுகிறோம்.

ரேன் அனிலீன் ஆவியையே குற்றவாளியாகக் கொண்டார். அது முற்றும் சரியன்று. பீட்டா நாப்தைலமீன், பென்சிடின் என்பனவே கொடியன என்று 1921-இல் சர்வதேசத் தொழிலாளர் அலுவலகம் அறிவித்தது. 1938-இல் ஹூப்பர் என்பார் முன்னதை நாய்களுக்குக் கொடுத்து அவற்றின் மூத்திரப்பையில் கட்டி உண்டாதலை மெய்ப்பித்தார். பிரித்தானியச் சட்டம் அப்பொருளைத் தடுத்ததோ 1967-இல்! ரேனின் சொல்லுக்கும் அச்சட்டத்துக்கும் இடையே 72 ஆண்டுகள். இலாபம் எத்துணைச் செவிடு என்பதை நாம் எண்ணாதிருத்தல் இயலவில்லை.

ஒரே கூடத்தில் உழைப்போருள் சிலரே நோயுறுவானேன்? பெற்றோர்வழி வரும் உடற்கூறும் இதற்கோர் ஏது. இவ்வமீன்களை ஈரல் அடக்கும் வேகம் சிலர்க்குப் பிறப்பிலேயே குறைவு. 1982-இல் பிரித்தானியாவில் நோயுற்ற சாயத் தொழிலாளர் 23 பேரை ஆராய்ந்தபோது 22 பேர் அவ்வகையினராயிருந்தனர். புகையிலைப் புகையிலும் இவ்வமீன்கள் உளவாதலின், ஆலையைக் கண்டிராதவர்க்கும் இவ்வாபத்து உண்டு.

ரேன் 1930-இல் பிராங்பர்ட்டில் காலமானார். நாய்களின் சோதனை அவர் கண்ணாற் காணாதது.