காமா பயில்வான்

உலகின் தலைசிறந்த மல்லர் யார் என்ற வாதம் மலேசியத் தமிழர் வீடுகளுக்குப் புதிதன்று. தொலைக்காட்சியில் மற்போர் பார்த்து வளர்ந்த மாணவர்கள் அண்டர்டேக்கர், ஹல்க் ஹோகன், ஜான் சீனா என்று பெயர்களை அடுக்குவார்கள். பிரிக்ஃபீல்ட்சிலோ கிள்ளானிலோ அதே கேள்வியை ஒரு தாத்தாவிடம் கேட்டால் விடை மாறும். அவர் தாராசிங் என்பார். இல்லையென்றால் கிங்காங் என்பார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பஞ்சாபிலிருந்து சிங்கப்பூருக்கு வேலை தேடி வந்த இளைஞர் தாராசிங். அங்கேயே மற்போர் பழகி, கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று மலாயாவின் முதன்மை மல்லர் ஆனார். ஐரோப்பாவிலிருந்து வந்து சிங்கப்பூரில் குடியேறிய கிங்காங், பார்ப்பவரை அச்சுறுத்தும் பருத்த உடல் கொண்டவர். இவ்விருவரும் மோதினால் கூட்டம் அலைமோதும்.

ஆனால், தாராசிங்கின் தலைமுறை மல்லர்கள் தங்களுக்கு முன்னோடியாக வேறொருவரைக் கருதினார்கள். அவரே காமா பயில்வான். மலாயாவின் மேடைகளில் கிங்காங்கின் பெயர் முழங்கிய காலத்தில் காமா லாகூரில் வாழ்ந்த முதியவர். தம் வாழ்நாளில் எவரிடமும் வீழ்ந்ததில்லை என்ற புகழ் அவருக்கு உண்டு.

காமாவின் இயற்பெயர் குலாம் முகமது பக்ஷ். அவர் 1878ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய குடும்பம் பஞ்சாபில் வாழ்ந்த காஷ்மீரி மல்லர் குடும்பம். தந்தை முகமது அஜீஸும் மல்லரே. காமாவுக்கு ஏறத்தாழ ஆறு வயதாக இருந்தபோது தந்தை இறந்துவிட்டார். தாய்வழிப் பாட்டனாரும் அவருக்குப் பின் மாமாவும் சிறுவனை வளர்த்து, மற்போரில் பழக்கினர். அக்காலத்தில் இந்தியச் சிற்றரசர்கள் இசைக் கலைஞர்களை ஆதரித்ததுபோலவே மல்லர்களையும் அரண்மனையில் வைத்து உணவும் சம்பளமும் கொடுத்து ஆதரித்தார்கள். நாம் இன்று பருத்த உடலுடையவரைக் குறிக்கப் பயன்படுத்தும் பயில்வான் என்ற சொல், மல்லரைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் தமிழ் வடிவம்தான்.

1888ஆம் ஆண்டு ஜோத்பூர் மன்னர் ஒரு போட்டி நடத்தினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து நானூறுக்கும் மேற்பட்ட மல்லர்கள் கூடினர். அது ஒருவரோடு ஒருவர் மோதும் போட்டியன்று. எல்லாரும் ஒரே நேரத்தில் பஸ்கி எடுக்க வேண்டும். அதாவது, உட்கார்ந்து எழ வேண்டும். களைத்தவர் விலகிவிட வேண்டும். நேரம் செல்லச் செல்ல வரிசை குறைந்தது. இறுதியில் பதினைந்து பேர் எஞ்சினர். அவர்களுள் ஒருவன் பத்து வயதுச் சிறுவன் காமா. மன்னர் போட்டியை அத்துடன் நிறுத்தி, சிறுவனையே வெற்றியாளனாக அறிவித்தார். போட்டிக்குப் பிறகு அவன் ஒரு வாரம் படுக்கையில் கிடந்ததாகச் சொல்வார்கள். பரிசு என்னவாக இருந்தாலும், உடன் கிடைத்த பெயர் அதைவிடப் பெரிது. தத்தியா சமஸ்தானத்தின் மன்னர் அவனுடைய பயிற்சிச் செலவை ஏற்றுக்கொண்டார்.

காமாவின் பயிற்சியைப் பற்றிய கதைகளுக்குக் குறைவில்லை. நாள்தோறும் மூவாயிரம் தண்டாலும் ஐயாயிரம் பஸ்கியும் எடுத்தார் என்பர். பால், நெய், பாதாம் ஆகியவற்றை அவர் உண்ட அளவைப் பற்றிச் சொல்வோர் ஆளுக்கோர் அளவு சொல்வார்கள். பரோடா நகர அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய கல் இருக்கிறது. 1902ஆம் ஆண்டு காமா அதைத் தூக்கினார் என்று அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அக்கல்லின் எடை 1,200 கிலோ என்கிறார்கள். இன்றைய பளுதூக்கும் வீரர்களில் மிக வலியவர்கள் தரையிலிருந்து தூக்கியிருக்கும் எடையே 500 கிலோவைச் சற்றுத்தான் தாண்டும். ஆகவே, கல்லின் எடையில் மக்களின் அன்பும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது என்று கொள்வதே பொருந்தும். இத்தகைய கதைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் காமாவின் வாழ்க்கையில் வியக்க நிறைய இருக்கிறது.

அவருடைய உயரம் 5 அடி 7 அங்குலம். மல்லருக்கு அது குறைவு. பதினேழு வயதில் அவர் அக்காலத்தின் புகழ்பெற்ற மல்லரான ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவைப் போருக்கு அழைத்தார். ரஹீம் ஏறத்தாழ ஏழடி உயரம், வயதில் மூத்தவர், அனுபவத்தில் பழுத்தவர். லாகூரில் நடந்த அந்தப் போர் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்றே பலரும் எண்ணினர். முதலில் காமா தற்காத்துக்கொள்வதிலேயே கவனம் செலுத்தினார். பிறகு தாக்கத் தொடங்கினார். மணிக்கணக்கில் போராடியும் ஒருவரை ஒருவர் வீழ்த்த முடியவில்லை. போர் சமனில் முடிந்தது. வெல்லாமலேயே காமா நாடறிந்த மல்லராகிவிட்டார். அடுத்த ஆண்டுகளில் அவர் இந்தியாவின் பெரிய மல்லர்களை ஒவ்வொருவராகக் கோதாவில் வென்றார். ரஹீம் மட்டுமே எஞ்சினார்.

1910ஆம் ஆண்டு காமா தம் தம்பி இமாம் பக்ஷுடனும் வேறு சில மல்லர்களுடனும் லண்டனுக்குக் கப்பலேறினார். பெஞ்சமின் என்ற ஏற்பாட்டாளர் அவர்களை அழைத்துச் சென்றார். ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய கண்டங்களின் முன்னணி மல்லர்கள் கூடியிருந்த நகரம் அது. உலக முதன்மைப் பட்டத்திற்கான போட்டி அங்கு நடைபெறவிருந்தது. ஆனால், உயரம் போதாது என்று கூறிப் போட்டிக்குள் காமாவைச் சேர்க்க மறுத்தார்கள். ஏழடி மனிதரை எதிர்த்து நின்றவருக்கு இப்படி ஒரு பதில்! இந்தியா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆளும் நாட்டின் தலைநகரில், மொழி தெரியாமல், ஆளப்படும் நாட்டிலிருந்து வந்த மல்லர் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்.

காமா திரும்பிப் போகவில்லை. அரங்கம் ஒன்றில் நின்று அறைகூவல் விடுத்தார். எந்த எடைப் பிரிவைச் சேர்ந்தவராயினும் மூன்று மல்லர்களை 30 நிமிடங்களுக்குள் வீழ்த்துவதாக அறிவித்தார். பலரும் அதை வெறும் விளம்பரம் என்றே நினைத்தார்கள். பல நாள் எவரும் முன்வரவில்லை. கடைசியில் பெஞ்சமின் ரோலர் என்ற அமெரிக்கர் ஒப்புக்கொண்டார். ரோலர் தொழிலால் மருத்துவர், மற்போரிலும் தேர்ந்தவர். ஆகஸ்ட் மாதம் நடந்த அப்போட்டியில் காமா முதல் முறை 1 நிமிடம் 40 விநாடிகளிலும் இரண்டாம் முறை 9 நிமிடம் 10 விநாடிகளிலும் ரோலரை வீழ்த்தினார். இமாம் பக்ஷும் சுவிட்சர்லாந்தின் ஜான் லெம்மை விரைவில் வென்றார். அதன் பிறகு, உயரத்தைப் பற்றிப் பேசுவாரில்லை.

அடுத்து வந்தவர் போலந்து நாட்டின் ஸ்டானிஸ்லாஸ் சிபிஸ்கோ. அவர் காமாவைவிட எடையில் மிகவும் கூடியவர். பல மொழிகள் கற்றவர். உலகின் முதல் வரிசை மல்லர்களுள் ஒருவர். செப்டம்பர் 10ஆம் நாள் லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் இருவரும் மோதினர். 250 பவுன் பரிசும் ஜான் புல் என்ற பெயர் கொண்ட இடைவாரும் வெற்றியாளருக்கு எனப் பேசப்பட்டது. போர் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே சிபிஸ்கோ கீழே விழுந்தார். விழுந்தவர் எழுந்து நின்று போரிட விரும்பவில்லை. விரிப்பின்மேல் குப்புறப் படுத்து, அதை இறுகப் பற்றிக்கொண்டார். இரு தோள்களும் தரையில் பட்டால்தானே தோல்வி? தோள் படாமல் இருந்தால் தோல்வியும் இல்லை. காமா இழுத்தும் புரட்டியும் பார்த்தார். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கடந்தது. பார்க்க வந்த கூட்டம் சலித்துக் கூச்சலிட்டது. இருள் சூழ்ந்ததால் போர் நிறுத்தப்பட்டது. சிபிஸ்கோ விதியை மீறவில்லை. ஆயினும், அவர் பெயருக்கு அன்று பெருமை சேரவில்லை.

ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 17ஆம் நாள், மீண்டும் மோத ஏற்பாடாயிற்று. காமா வந்து காத்திருந்தார். சிபிஸ்கோ வரவில்லை. பரிசும் இடைவாரும் காமாவுக்கு வழங்கப்பட்டன. அக்காலத்தில் உலகின் தலைசிறந்த மல்லர் என்று பெயர் பெற்றிருந்தவர் அமெரிக்காவின் ஃபிராங்க் காட்ச். அவருக்கு முன் அப்பெயரைத் தாங்கியவர் ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட். இருவருக்கும் காமா அறைகூவல் விடுத்தார். இருவருமே அவரோடு மோதவில்லை. காட்சைச் சிறந்தவர் என்போருக்கும் காமாவைச் சிறந்தவர் என்போருக்கும் இடையே நடக்கும் வாதம் நூறாண்டுக்கு மேலாகியும் முடியாததற்குக் காரணம் இதுதான்.

நாடு திரும்பியபின் அலகாபாத்தில் ரஹீமை மீண்டும் சந்தித்தார் காமா. இம்முறையும் போர் நெடுநேரம் நீடித்தது. ரஹீமின் விலா எலும்பில் அடிபட்டதால் அவரால் தொடர முடியவில்லை. இந்தியாவின் மாவீரர் என்று பொருள்படும் ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டம் காமாவுக்குக் கிடைத்தது.

இதன் பின்னர் மேலைநாட்டு மற்போர் வேறு திசையில் சென்றது. நீண்ட நேரம் அசையாமல் நடக்கும் உண்மைப் போரைப் பார்க்க மக்கள் பணம் தரத் தயங்கினார்கள். ஆகவே, யார் வெல்வது என்பதை ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே பேசி முடிக்கலானார்கள். இன்று தொலைக்காட்சியில் காணும் மற்போர் அந்த வழியில் வளர்ந்த கலை. அதில் உடல் வலிமையும் ஆபத்தும் உண்மை. முடிவு மட்டும் எழுதி வைத்தது. தாராசிங்கும் கிங்காங்கும் மோதிய காலத்திலேயே இவ்வழக்கம் மேடைகளில் பரவியிருந்தது. எனவே, காமாவையும் பிற்கால மல்லர்களையும் ஒரே தராசில் நிறுப்பது கடினம்.

சிபிஸ்கோ இந்த மாற்றத்திற்குள் வாழ்ந்தவர். 1921ஆம் ஆண்டு அமெரிக்காவில் உலக முதன்மைப் பட்டத்தை வென்றார். 1925ஆம் ஆண்டு வேன் மன் என்ற இளைஞரோடு மோதினார். மன் வெல்வதாக முன்பே பேசப்பட்டிருந்தது. ஆனால், சிபிஸ்கோ அந்த ஏற்பாட்டை மீறி, மன்னை உண்மையாகவே மீண்டும் மீண்டும் வீழ்த்திப் பட்டத்தைப் பிடித்தார். நாற்பதைக் கடந்த வயதிலும் அவரிடம் உண்மைத் திறமை குன்றவில்லை என்பதற்கு அது சான்று.

லண்டனில் முடிவுறாத கணக்கு 1928ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் தீர்க்கப்பட்டது. பாட்டியாலா மன்னர் இருவரையும் மீண்டும் மோத அழைத்தார். இருவரும் ஐம்பது வயதை ஒட்டியவர்கள். பல்லாயிரம் பேர் திரண்டனர். மணிக்கணக்கில் நடக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் அமர்ந்து நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சிபிஸ்கோவின் முதுகு மண்ணில் பட்டது. லண்டனில் விரிக்கப்பட்ட விரிப்பு சிபிஸ்கோவுக்குப் பழகியது. பாட்டியாலாவின் கொத்திய மண் காமாவுக்குப் பழகியது. இதை நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும். சிபிஸ்கோவும் காமாவின் திறமையை மனமாரப் பாராட்டினார். பதினேழு ஆண்டுகளுக்கு முன் வராமற்போனவர் இம்முறை கடல் கடந்து வந்து, தோற்று, தோல்வியை ஒப்புக்கொண்டார்.

காமா அமெரிக்க மேடைகளில் மோதியதில்லை; அவருடைய வெற்றிகளில் பெரும்பாலானவை இந்தியாவில் பெற்றவை என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மை இருக்கிறது. அழைப்பை ஏற்க மறுத்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் உடன் எண்ண வேண்டும். காமாவிடமே, நீங்கள் சந்தித்தவர்களுள் மிக வலியவர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். ஐரோப்பியர் எவரையும் அவர் சொல்லவில்லை. ரஹீம் பக்ஷின் பெயரைச் சொன்னார். பெரும்பாலான பட்டியல்களில் ரஹீமின் பெயரே இருப்பதில்லை.

1947ஆம் ஆண்டு இந்தியா இரண்டாகப் பிரிந்தது. பஞ்சாப் முழுவதும் கலவரம் மூண்டது. அண்டை வீட்டார் அண்டை வீட்டாரைக் கொன்ற நாள்கள் அவை. காமா அப்போது லாகூரில் மோகினி சாலைப் பகுதியில் வாழ்ந்தார். அவருடைய தெருவில் இந்துக் குடும்பங்களும் இருந்தன. அவர்களைத் தாக்க ஒரு கும்பல் வந்தபோது, காமா தம் மல்லர்களுடன் தெருவில் நின்று தடுத்தார். எழுபது வயதை நெருங்கிய அவர், கும்பலின் தலைவனை ஓங்கி அறைந்ததும் மற்றவர்கள் கலைந்து போனார்களாம். அக்குடும்பங்களுக்குச் சில நாள் உணவளித்து, பிறகு பாதுகாப்பாக எல்லைவரை அனுப்பி வைத்தார். அந்தப் போருக்குப் பட்டமும் இல்லை, இடைவாரும் இல்லை.

மன்னர்களின் ஆட்சி முடிந்ததோடு மல்லர்களின் வாழ்வாதாரமும் போயிற்று. காமாவின் ஆண் பிள்ளைகள் இளமையிலேயே இறந்துவிட்டிருந்தனர். முதுமையில் நோயும் வறுமையும் அவரை வாட்டின. பாகிஸ்தான் அரசு நிலமும் உதவித்தொகையும் வழங்கியது. எல்லைக்கு அப்பாலிருந்து இந்தியத் தொழிலதிபர் பிர்லாவும் மாதந்தோறும் பணம் அனுப்பினார்.

இமாம் பக்ஷின் மகன் போலு, பாகிஸ்தானின் மாவீரர் என்னும் ருஸ்தம்-ஏ-பாகிஸ்தான் பட்டத்தை வென்றார். எல்லையின் மறுபுறம் 1954ஆம் ஆண்டு ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டத்தைப் பெற்றவர், சிங்கப்பூரில் மற்போர் பழகிக் கோலாலம்பூரில் பெயரெடுத்துத் திரும்பிய தாராசிங். காமா அப்போதும் லாகூரில் உயிரோடு இருந்தார். 1960ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் அங்கேயே காலமானார்.