வாதிட்ட வீரமாமுனிவர்

வீரமாமுனிவர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன தேம்பாவணியும் சதுரகராதியும் பரமார்த்த குருவின் கதையுமே. எகர ஒகரங்களில் குறிலையும் நெடிலையும் பிரித்தறிய வழி செய்தவர் அவர் என்பதையும் பள்ளிப் பருவத்திலேயே படித்தோம். ஆனால், அவர் வாழ்வின் நடுப்பகுதியை ஆட்கொண்ட ஒரு பெரும் வழக்கைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை. மெய்யான திருச்சபை எது என்பதே அந்த வழக்கு. அது தமிழிலே, தமிழ் மக்கள் முன்னிலையில் நடந்தது. அதை விட்டுவிட்டு அவரை முழுவதும் அறிந்துவிட முடியாது என்பது என் துணிபு.

இத்தாலி நாட்டில் காஸ்திக்லியோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்தவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் 1710-இல் கோவாவில் வந்திறங்கி, அங்கிருந்து தமிழ்நாட்டின் மதுரை மிஷனை அடைந்தார். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் கற்றார் என்பது மரபு. ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் எனப் போற்றி, அங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை 1726-இல் நிறைவு செய்தார்.

அவர் வருவதற்கு முன்பே, 1706-இல், தரங்கம்பாடியில் வேறொரு கப்பல் கரை சேர்ந்திருந்தது. டென்மார்க் மன்னர் அனுப்பிய ஜெர்மானியராகிய சீகன்பால்கு அதில் வந்தார். அவர் லூத்தர் வழியைச் சேர்ந்த சீர்திருத்தச் சபையார். தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1719-இல் அவர் மறைந்தபின்னும் அவர் தோழர்கள் பணியைத் தொடர்ந்தனர். ஐரோப்பாவில் 1517-இல் மூண்ட பிளவு இவ்வாறு காவிரி நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

இரு சாராரின் கொள்கையையும் சற்று நின்று நோக்குவோம். திருச்சபை ஒன்று, தூயது, பொதுவானது, அப்போஸ்தலர் வழிவந்தது என்பதை இரு சாராரும் ஒப்புவர். அதை அடையாளம் காண்பது எப்படி என்பதிலேதான் பிணக்கு. நற்செய்தி தூய முறையில் போதிக்கப்பட்டு, திருவருட்சாதனங்கள் முறைப்படி வழங்கப்படும் இடமே திருச்சபை என்பது 1530-இல் லூத்தர் சார்பினர் ஆக்ஸ்பர்க்கில் வெளியிட்ட விசுவாச அறிக்கையின் கருத்து. அது போதாது, அப்போஸ்தலரிடமிருந்து அறாது வரும் ஆயர் வரிசையும் உரோமையிலுள்ள பாப்பரசரோடு ஒன்றிப்பும் வேண்டும் என்பது கத்தோலிக்கர் கொள்கை.

நான் விஞ்ஞானம் பயில்பவன். இருவர் ஒரு பொருளை வெவ்வேறு அளவுகோலால் அளந்து, ஒருவர் அளவை மற்றவர் பிழை என்றால், தகராறு பொருளைப் பற்றியதன்று; அளவுகோலைப் பற்றியது. ஒருவர் ஆற்றின் நீரைச் சோதித்தார். மற்றவர் அது ஊற்றிலிருந்து இடையறாமல் வருகிறதா என்று கேட்டார். தத்தம் கோலால் அளந்தவரை இருவருக்கும் வெற்றியே! வழக்கு இருநூறு ஆண்டுகளாகத் தீராதிருந்ததில் வியப்பென்ன?

தமிழ்நாட்டில் இது ஏட்டளவில் நிற்கவில்லை. தஞ்சை அரசரின் படையில் பணியாற்றிய கத்தோலிக்கரான இராசநாயக்கன், தமிழ் வேதநூலைப் படித்து மனம் மாறித் தரங்கம்பாடியாரோடு சேர்ந்தார். குடும்பங்களும் ஊர்களும் இரண்டுபட்டன. தாம் மேய்த்த மந்தை கலைவதைக் கண்ட முனிவர் சும்மா இருப்பாரா? 1728-இல் வேத விளக்கம் எழுதினார். தரங்கம்பாடியார் திருச்சபை பேதகம் என்ற நூலை வெளியிட, அதற்கு விடையாகப் பேதகமறுத்தல் எழுதினார். லுத்தேரினத்தியல்பு என்ற நூலும் அவருடையதே. எதிரியின் கொள்கையை மட்டுமா தாக்கினார்? அவர்களுடைய மொழிபெயர்ப்பின் தமிழையும் எள்ளி நகையாடினார். கனிந்த பாடல் பாடிய அதே கை, கடுஞ்சொல்லும் எழுதியது. இதை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆயினும் இந்த வழக்கில் தமிழுக்கு ஊதியம் உண்டு. பாமரரை நம்பவைக்கச் செய்யுள் உதவாது. ஆகவே இரு சாராரும் உரைநடையைக் கையாண்டனர். காரணம் காட்டி, மறுத்து, நிலைநாட்டும் தமிழ் உரைநடை இந்தப் போர்க்களத்திலே உரம் பெற்றது.

இன்னொரு செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. மதுரை மிஷனுக்கு அந்நாளில் அச்சகம் இல்லை. முனிவர் தம் சபைக் குருமாருக்காக, பேச்சுத் தமிழின் இலக்கணத்தை இலத்தீனில் எழுதியிருந்தார். கொடுந்தமிழ் இலக்கணம் என்னும் அந்நூலை 1738-இல் அச்சிட்டவர்கள் யார்? தரங்கம்பாடி லூத்தரன் சபையாரே! எவருடைய திருச்சபையை மெய்யன்று என்று அவர் மறுத்தாரோ, அவர்களே அவரைத் தமிழுக்கு ஆசானாக ஏற்றனர். கொள்கையில் அணுவளவும் விட்டுக்கொடுக்காதவர்கள், புலமைக்குத் தலைவணங்கத் தயங்கவில்லை.

முனிவரின் கடைசி நாட்கள் மலையாள நாட்டில் கழிந்தன. நம் ஆலுவாவுக்கு வடக்கே, மாளையை அடுத்த அம்பலக்காட்டில் 1747-இல் அவர் காலமானார். 1679-இல் தமிழ் - போர்த்துக்கேய அகராதி அச்சேறிய ஊர் அது.

அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிரிந்த கிறிஸ்தவர்களைச் சகோதரர் என அழைத்தது. 1999-இல் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் மீட்பின் கோட்பாடு பற்றி ஆக்ஸ்பர்க்கில் ஒப்பந்தம் செய்தன. ஆனால் அடுத்த ஆண்டே, ஆயர் வரிசை அறுந்த சபைகளை முழுப்பொருளில் திருச்சபை எனல் ஆகாது என்று உரோமை மீண்டும் அறிவித்தது. இந்த ஆலுவாவிலேயே மங்கலப்புழையில் கத்தோலிக்கக் குருமடம் இருக்கிறது. பல சபைக் கிறிஸ்தவர்கள் ஒன்றுகூடி 1921-இல் நிறுவிய யூனியன் கிறிஸ்டியன் கல்லூரியும் இருக்கிறது. இரண்டுக்கும் பெரியாற்று நீர்தான்.

நண்பர்களே, நாமும் வாதிடுகிறோம். கட்சியிலும், மொழியிலும், சாதியிலும் அளவுகோல் வேறுபட்டு நிற்கிறோம். எதிரியின் கருத்தை மறுத்துக்கொண்டே அவன் நூலை அச்சிடும் மனம் நமக்கு வருமா? விடுமுறையில் ஒருநாள் அம்பலக்காட்டுக்குப் போய் வருவோம். தமிழுக்கு உழைத்த ஒருவரின் இறுதி மூச்சு அடங்கிய மண்ணில் நின்று அதை எண்ணிப் பார்ப்போம்.