முத்துலட்சுமி அம்மையாரும் புற்றுநோய்ப் பதிவேடும்

தமக்கு நேர்ந்த துன்பம் பிறர்க்கு நேராவண்ணம் காத்தலைக் கடமையாகக் கொண்டோர் மிகச் சிலரே. அவருள் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் உயர்கல்வி பயிலுதல் அரிதாயிருந்த அக்காலத்தில், தடை பல கடந்து மன்னர் கல்லூரியிற் பயின்றார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். 1927-ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானார். 1930-ஆம் ஆண்டு ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லம் கண்டார்.

1923-ஆம் ஆண்டு அம்மையாரின் தங்கை புற்றுநோயால் மாண்டார். கற்ற மருத்துவம் உடன்பிறந்தாளைக் காக்க உதவவில்லையே என அவர் உள்ளம் நொந்தது. அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்னும் தம் எண்ணத்தை, 1935-ஆம் ஆண்டு, தாம் பயின்ற மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் வெளியிட்டார். தீராத நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு எனக் கருதியோர் பலர். ஆயினும் அம்மையார் தளர்ந்தாரல்லர். மாதர் சங்கத்தின் துணையுடன் பொருள் திரட்டினார். 1952-ஆம் ஆண்டு நேரு பெருமகனார் அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு அடையாற்றில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பெற்றது. அப்போது அம்மையாருக்கு அகவை 67. அவர் 1968-ஆம் ஆண்டு இயற்கை எய்தினார்.

அவர் மறைந்தபின்னும் அவர்தம் பணி வளர்ந்தது. ஒரு மருத்துவமனையின் ஏடு, அங்கு வந்தோரை மட்டுமே காட்டும். ஊரில் எத்துணைப் பேர் நோயுற்றனர் என்பதைக் காட்டாது. ஆதலின், நகர் முழுமைக்குமான புற்றுநோய்ப் பதிவேடு 1981-ஆம் ஆண்டு அந்நிறுவனத்தில் தொடங்கப்பெற்றது. பணியாளர் மருத்துவமனைதோறும் சென்று குறிப்புகளைத் திரட்டினர். இறப்புப் பதிவுகளோடு ஒப்புநோக்கினர். ஒருவரே இரண்டிடத்து மருத்துவம் பெற்றிருப்பினும் ஒருமுறையே எண்ணினர். பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்து, மார்பகப் புற்றுநோய் மிகுந்து வருதலை அப்பதிவேடே புலப்படுத்திற்று.

பின்னர் இம்முறை தமிழ்நாடு முழுமைக்கும் விரிந்தது. திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய தொழிற்பகுதிகளிற் பணிபுரியும் ஒருவர், முதலில் அருகிலுள்ள மருத்துவமனைக்கும் பின்னர்ச் சென்னைக்கும் செல்லக்கூடும். நோயுற்ற உறுப்பு, நோயின் வகை, நிலை ஆகியவற்றை எல்லா மருத்துவமனைகளும் தம் கணினிக் குறிப்பில் ஒரே முறையாக எழுதிவைப்பின், அவர் வரலாறு சிதறாது; பதிவேட்டிற்கென மீண்டும் எழுதும் உழைப்பும் குறையும்.

எண்ணப்படாத நோய் ஆள்வோர் கண்ணுக்குப் புலப்படாது. புலப்படாத நோய்க்கு மருந்தும் மனையும் அமையா. ஒரு தங்கையின் மறைவை மறவாத அம்மையாரின் நெஞ்சம், இன்று எண்ணிறந்தோர் துன்பத்தை நாடு மறவாதிருக்க வழி செய்துள்ளது.