மராவிச்சின் இதயம்

நான் வியக்கும் கூடைப்பந்து ஆட்டக்காரர் அமெரிக்கரான பீட் மராவிச். பயிற்றுநரான தந்தையே அவருக்கு ஆசான். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக மூன்றே பருவங்களில் 3,667 புள்ளிகள் எடுத்தார். ஆட்டத்துக்குச் சராசரி 44.2. அப்போது மூன்று புள்ளிக் கோடே கிடையாது, மாணவர்களே!

1970இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். முதுகுக்குப் பின்னாலிருந்து பந்தைக் கடத்துவார். 1977இல் நியூயார்க் நிக்ஸ் குழுவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 68 புள்ளிகள் குவித்தார். வெற்றிக்கிண்ணம்தான் கிட்டவில்லை. முழங்கால் காயத்தால் தளர்ந்து 1980இல் ஓய்வுபெற்றார்.

1988 ஜனவரியில் நண்பர்களுடன் விளையாடச் சென்ற இடத்தில் சரிந்து விழுந்து இறந்தார். வயது 40. இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இடப்பக்கத் தமனி அவருக்குப் பிறவியிலேயே இல்லை என்பது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. இதைப் படித்தபின் அவரது பழைய ஆட்டங்களை மறுபடி பார்த்தேன். மனிதர் ஓடிக்கொண்டே இருக்கிறார்.