திருமலையின் பெயர் தாங்கிய கப்பலைக் கட்டிய ஓடாவி

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ஹார்ட்டில்பூல் நகரில், மூன்று பாய்மரங்களோடு ஒரு பழைய போர்க்கப்பல் நிற்கிறது. பெயர் ‘எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி’. எங்கள் திருகோணமலைதான். இன்றும் நீரில் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் அதுவே மிகப் பழையது. நெல்சனின் ‘விக்டரி’ அதைவிட மூத்தது என்றாலும் அது உலர்துறையில் ஏறிவிட்டது. ஊரின் பெயரைக் கண்டதும் பெருமைப்படும் நாங்கள், அதைக் கட்டியவர் யார் என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

அவர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா. பம்பாய்ப் பார்சிக்காரர். 1754இல் பிறந்தவர். பாட்டனார் லவ்ஜி நுசர்வான்ஜி சூரத்தில் கப்பல் கட்டிய ஓடாவி. கிழக்கிந்தியக் கம்பனி 1736இல் அவரைப் பம்பாய்க்கு அழைத்துவந்து கட்டுதளத்தை ஒப்படைத்தது. அதன்பின் அந்தத் தளத்தின் தலைமை அதே குடும்பத்துக்குள் கைமாறியது. 1792இல் அது ஜம்செட்ஜிக்கும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பிராம்ஜிக்கும் வந்தது.

அந்தக் காலத்தில் பிரித்தானியாவுக்கு ஒரு நெருக்கடி. நெப்போலியனுடனான போர் கப்பல்களைக் கேட்டது. ஆனால் இங்கிலாந்தின் ஓக் மரம் போதவில்லை. ஜம்செட்ஜியிடம் மலபார்த் தேக்கு இருந்தது. ஓக்கில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கின் எண்ணெயோ ஆணியைக் காக்கும், மரத்தையும் உழுக்கவிடாது. இதோடு சூரத் ஓடாவிகளின் பழைய கைமுறையும் சேர்ந்தது. பலகைகளை விளிம்போடு விளிம்பு சும்மா முட்டவைக்காமல், ஒன்றில் பள்ளம் வெட்டி மற்றதை அதற்குள் இறுக்கினார்கள். நீர் உட்புக வழி குறைந்தது.

1810இல் 74 பீரங்கிகள் கொண்ட ‘மின்டன்’ இறங்கியது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே அரச கடற்படைக்காகக் கட்டப்பட்ட முதல் பெரும் போர்க்கப்பல் அது. 1813இல் வந்த ‘கோர்ன்வாலிஸ்’ மீதுதான் 1842இல் நான்கிங் உடன்படிக்கை கைச்சாத்தானது. 1815இல் இறங்கிய ‘வெலஸ்லி’ தேம்ஸ் நதியில் 1940வரை மிதந்து, ஜேர்மன் விமானக் குண்டில் மூழ்கியது. நூற்று இருபத்தைந்து வருட மரம் என்றால் நம்பக் கடினம்தான்.

திருமலையின் பெயர் தாங்கிய கப்பலின் கதை இன்னும் சிக்கலானது. வடிவம் 1782இல் கைப்பற்றிய ஒரு பிரெஞ்சுக் கப்பலிலிருந்து வந்தது. வரைபடம் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். அதைக் கொண்டுவந்த ‘ஜாவா’ கப்பலை 1812 இறுதியில் அமெரிக்கர்கள் பிரேசிலுக்கு அப்பால் கைப்பற்றி எரித்தார்கள். மறுபடி ஒரு பிரதி வர அடுத்த வருடமானது. 1816 மே மாதம் பார்சி வழக்கப்படி அடிமரத்தில் வெள்ளி ஆணி ஒன்றை ஜம்செட்ஜி அறைந்தார். 1817 ஒக்டோபர் 12இல் கப்பல் நீரில் இறங்கியது. அப்போது அவருக்கு அறுபத்து மூன்று வயது.

மரியாதை கிடைத்தும் மனதில் ஒரு காயம் இருந்ததாகச் சொல்கிறார்கள். தான் கட்டிய கப்பலொன்றின் உள்மரத்தில், யாரும் பார்க்காத இடத்தில், இதைக் கட்டியது சபிக்கப்பட்ட ஒரு கறுப்பன் என்று ஆங்கிலத்தில் செதுக்கிவைத்தாராம். கதை உண்மையோ இல்லையோ, தன்னை எப்படி அழைத்தார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார் என்று எடுத்துக்கொள்ளலாம். 1821இல் இறந்தார். மகன் நௌரோஜி தளத்தைப் பொறுப்பேற்றார்.

இந்தத் தொடர்ச்சியை நினைக்கும்போதுதான் எங்கள் கரை ஞாபகம் வருகிறது. நமக்கும் கை இருந்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. ஆனால் வாடியாக்களுக்கு ஒரே தளத்தில், ஒரே இடத்தில், தலைமுறைகள் கிடைத்தன. எங்கள் ஓடாவிகளுக்கு இடப்பெயர்வு கிடைத்தது. வள்ளங்கள் எரிந்தன, கடலுக்குப் போகும் நேரமும் எஞ்சினின் குதிரைவலுவும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வந்தவையோ பெரும்பாலும் அச்சில் வார்த்த பைபர் படகுகள். அவற்றைக் குறை சொல்லவில்லை. பசித்தவனுக்கு உடனே படகு வேண்டும். ஆனால் தகப்பன் மகனுக்குக் காட்டிக்கொடுக்கும் வேலை அதில் இல்லை.

‘ட்ரிங்கோமலி’ 1897இல் உடைப்பதற்கென விற்கப்பட்டது. ஒருவர் வாங்கிப் பயிற்சிக் கப்பலாக்கியதால் பிழைத்தது. 1987இல் ஹார்ட்டில்பூலுக்கு வந்த பின் திருத்த வேலை பத்து வருடத்துக்கு மேல் நீண்டது. அதன் உடலின் பெரும்பகுதி இன்றும் ஜம்செட்ஜியின் ஆட்கள் பொருத்திய அதே தேக்குதான்.