சூலூர் எரிந்த ஆண்டில் ராஜாஜி

காலையில் மொட்டை மாடியில் நடப்பவர்களுக்கு, சூலூரிலிருந்து கிளம்பும் தேஜஸ் விமானங்களின் இரைச்சல் பழகிப் போயிருக்கும். அந்தத் தளம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெள்ளைக்காரர்கள் அமைத்தது. 1942 ஆகஸ்ட் இறுதியில், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில், நம் பகுதி இளைஞர்கள் அதற்குத் தீ வைத்தார்கள். அதே ஆண்டில் கொங்கு மண்ணோடு ஒட்டி வளர்ந்த ஒரு தலைவர், வெள்ளைக்காரனோடு சேர்ந்தாவது ஜப்பானைத் தடுக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். அவர்தான் ராஜாஜி.

1878-இல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வக்கீல், பிறகு நகரசபைத் தலைவர். 1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, பஞ்சத்தில் தவித்த கிராமங்களுக்குக் கதர் நூற்பு வேலை கொடுத்தார். 1930-இல் வேதாரண்யத்தில் உப்பெடுத்துச் சிறை போனார். 1933-இல் காந்திக்குச் சம்பந்தியும் ஆனார்.

போர் விஷயத்தில் அவர் போன பாதையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நம்மைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டார்கள் என்று 1939 அக்டோபரில் சென்னை மாகாணப் பிரதமர் பதவியைத் துறந்தார். 1940 ஜூலையில், மத்தியில் தேசிய அரசு தந்தால் போருக்கு ஒத்துழைக்கலாம் என்று காங்கிரஸையே இணங்க வைத்தார். அகிம்சையை விட முடியாத காந்தி ஒதுங்கிக்கொண்டார். பிரிட்டன் அதை ஏற்கவில்லை. அதே டிசம்பரில், போருக்கு எதிரான தனிநபர் சத்தியாகிரகத்தில் ராஜாஜி சிறைக்குள் இருந்தார்! ஆறு மாதத்துக்குள் இவ்வளவும்.

1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டார்கள். சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வெளியேறினார்கள். சண்டை இனி எங்கோ ஐரோப்பாவில் நடப்பதல்ல என்று ராஜாஜிக்குப் பட்டது. முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்றாவது கூட்டாக ஓர் அரசு அமைத்து நாட்டைக் காக்க வேண்டும் என்றார். அலகாபாத்தில் கூடிய காங்கிரஸ் அதைத் தள்ளிவிட்டது. ஜூலையில் கட்சியிலிருந்தே விலகினார். பம்பாய்க் கூட்டத்தில் அவர் மேல் தார் வீசினார்கள். ஆகஸ்டில் நண்பர்கள் எல்லோரும் சிறையில்; இவர் வெளியே, துரோகி என்ற பேச்சோடு. இந்த மாற்றத்தால் அவருக்குக் கிடைத்தது எதுவுமில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுதந்திர இந்தியாவில் 1948 ஜூனில் கவர்னர் ஜெனரல் ஆனார். செப்டம்பரில் ஹைதராபாத்துக்குள் இராணுவம் நுழைந்ததற்கு அவரும் உடன்பட்டவர்தான். ஆனால் 1961 டிசம்பரில் நேரு கோவாவுக்குப் படை அனுப்பியபோது, நாடே கொண்டாட, ராஜாஜி கண்டித்தார். இனி வேறு நாடுகளின் படையெடுப்பைக் கேள்வி கேட்க நமக்கு என்ன தகுதி என்பது அவர் வாதம். ஹைதராபாத் உள்நாட்டு விவகாரம், ரஜாக்கர்களின் வன்முறை அங்கே கைமீறிப் போயிருந்தது என்று அவருக்காகப் பேசலாம். இருந்தாலும் இந்த இரண்டும் என் கணக்கில் ஒட்டவில்லை. முதலாவதில் அவர் பதவியில் இருந்தார். இரண்டாவதில் சுதந்திராக் கட்சியின் தலைவராக நேருவுக்கு எதிரே நின்றார். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கோவாவை நானூற்றைம்பது ஆண்டு வைத்திருந்த போர்த்துக்கீசியர், பேச்சுவார்த்தைக்கு இறங்கி வரவும் இல்லையே.

1962 செப்டம்பரில், 83 வயதில், வாஷிங்டன் போய் அதிபர் கென்னடியைச் சந்தித்து அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொன்னார். ஊர் திரும்பிய சூட்டில் அக்டோபர் 20-இல் சீனப் படை எல்லையைத் தாண்டியது. உடனே, அணிசேராக் கொள்கையை விட்டு மேற்கு நாடுகளின் இராணுவ உதவியைப் பெற வேண்டும் என்று எழுத ஆரம்பித்தார். அணுகுண்டு எதிர்ப்பையும் அவர் விடவில்லை. 1972 டிசம்பர் 25-இல் காலமானார்.

புதுப்பாளையம் ஆசிரமம் இன்றும் இருக்கிறது. திருச்செங்கோடு மலைக்குப் போகும்போது ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.